நாற்பத்திரண்டு குடைமிளகாய் நாற்றுகளின் சாவு

ஏப்ரல் ஒன்று, திங்கட்கிழமை. காலை 7:30.

"செத்துப் போச்சு! அத்தனையும் செத்துப் போச்சு!"

நெவெங்கா போட்ட கூச்சல் தெருக்கோடி ரொட்டிக்கடை வரை கேட்டிருக்கும். ஆனால் தேதி ஏப்ரல் ஒன்று. எங்கள் நோவி சாத் நகரத்தில் அன்றைக்கு வீடு பற்றி எரிகிறது என்று கத்தினாலும், "யாரை முட்டாளாக்கப் பாக்கறே?" என்று சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

ஓடி வந்தவள் யாகொதா ஒருத்திதான். நான்கு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அந்த வீட்டில் பக்கத்து அறைக்காரி. நெவெங்கா தன் அறைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கியதும் உள்ளே பாய்ந்து, கட்டிலைத் தாண்டி, பின்னாலிருந்த கண்ணாடி வராந்தாவுக்குள் போனாள். "ஐயோ, பிளக் புடுங்கிக் கிடக்குடி!" என்று அவள் குரல் வந்தது. அதற்கப்புறம்தான் ஸ்ரெட்டென் தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு வந்தான். கடைசியாக மிலுட்டின், கையில் காபிப் பாத்திரத்தோடு.

வராந்தாவில் நாற்பத்திரண்டு சின்னத் தொட்டிகள். முந்தின நாள் வரை கை உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்ற குடைமிளகாய் நாற்றுகள், வெந்நீரில் போட்ட கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. ராத்திரி உறைபனி. வராந்தாவில் அடுப்பு கிடையாது. தொட்டிகளுக்கு அடியில் விரித்திருந்த மின்சாரச் சூட்டு விரிப்புதான் அவற்றுக்கு உயிர். அதன் பிளக் தரையில் கிடந்தது.

நெவெங்கா விவசாயப் படிப்பு. இரண்டு வருஷமாகப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு அவளே உண்டாக்கிய ரகம் அது. வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் குழு வந்து பார்ப்பதாக இருந்தது. பிடித்திருந்தால் ஸெகெட் நகரத்தில் ஒரு வருஷ ஆராய்ச்சி. வெள்ளிக்கு இன்னும் நான்கே நாள். புது நாற்று வளர்க்க மூன்று மாசம் வேண்டும்.

அவள் திரும்பி மிலுட்டினைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு நீதான் உள்ள வந்தே. தெர்மாமீட்டர் பாக்கறேன்னு வந்தே. அப்புறம் யாருமே வரல. பத்து மணிக்கு நான் தாழ்ப்பாள் போட்டுட்டேன். வராந்தாவுக்கு வேற வழியே கிடையாது."

"நான் எதையும் தொடலை நெவெங்கா."

"தொடலையா? இந்த வீட்டுல நீ புடுங்காத பிளக் எதுடா?"

மின்பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கும் மிலுட்டினுக்கு அந்த வீட்டில் 'கரண்ட் மந்திரி' என்று பெயர். அளவுக்கு மேல் செலவாகி மீட்டர் சிவப்புக் கட்டணத்துக்குள் போய்விட்டால் நான்கு பேரும் மாசக் கடைசியில் வெறும் ரொட்டிதான் தின்ன வேண்டும் என்பதால், அந்தப் பதவியை மற்ற மூவரும் சேர்ந்துதான் அவனுக்குக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு நொந்துகொண்டார்கள். குளியல் ஐந்து நிமிஷம். சலவை இயந்திரம் மலிவு மின்சார நேரமான ராத்திரியில் மட்டும். ஹேர் டிரையர் வாரம் ஒரு முறை. சார்ஜர் சும்மா தொங்கினால் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிடுவான். சொந்தக் காதலி யாகொதாவுக்குக்கூடச் சலுகை இல்லை.

"பெர்சிதா அம்மாவுக்கு போன் போடறேன்," என்றாள் நெவெங்கா. பெர்சிதா வீட்டுக்காரி. "இன்னிக்கே இவன் வெளிய போகணும். இல்லாட்டி நான் போலீசுக்குப் போறேன்."

அப்போது யாகொதா மிலுட்டின் பக்கத்தில் போய் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் போனா நானும் போறேன். ரெண்டு பேரும் வேற ரூம் பாத்துக்கறோம். வா மிலுட்டின், இவங்க சகவாசமே வேணாம்."

ஸ்ரெட்டென் கண்ணில் ஷாம்பு எரிய, "காதல்னா இதுதான்டா," என்று முணுமுணுத்தான்.

காலை 8:10.

மீட்டர் கணக்கெடுக்க வந்த விதொசாவா மணியை அழுத்தினாள். யாரும் திறக்கவில்லை. கதவு சாத்தாமல் இருந்ததால் தானே உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, விருந்தாளிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷமாக வீடு வீடாக மீட்டர் பார்க்கிறாள். ஒரு வீட்டு மீட்டரைப் பார்த்தே அங்கே குழந்தை பிறந்ததா, புருஷன் ஓடிப் போனானா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அன்று அவள் மனசும் சரியில்லை. அவளோடு வேலைக்குச் சேர்ந்த ரொக்சாண்டாவுக்கு ஊர் நடுவில் லிஃப்ட் வைத்த கட்டடங்கள். இவளுக்கு டெலெப் பேட்டையின் சேறும் நாயும். ரொக்சாண்டாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எத்தனை படி, மதியம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாள் என்பதெல்லாம் விதொசாவாவுக்கு மனப்பாடம். வயிறு எரிகிறவளுக்கு எண்கள் மறப்பதில்லை.

குளியலறைக்கு வெளியே தாழ்வாரத்துச் சுவரில் மீட்டர், ஃபியூஸ் பெட்டி, அதன் பக்கத்தில் பாய்லரின் பிளக். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே வட்டமான ஒரு டைமர். வெந்நீர் மலிவு நேரத்தில் மட்டும் காய்வதற்காக மிலுட்டின் மாட்டியது. அதன் கீழே அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மின்சாரம் போனால் இந்தக் கடிகாரம் நின்றுவிடும். வந்ததும் முள்ளைச் சரி செய்யவும்.' ஃபியூஸ் பெட்டியிலும் சீட்டுகள். மூன்றாவது சுவிட்சின்மேல், 'பாய்லர், வராந்தா பிளக்'. விளக்குகள் எல்லாம் வேறு சுவிட்சில்.

விதொசாவா மீட்டர் எண்களைக் குறித்தாள். டைமரைப் பார்த்தாள். எட்டு பத்து. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு பத்து. உதட்டைப் பிதுக்கினாள்.

அதற்குள் சமையலறையில் சண்டை உச்சத்துக்குப் போனது. எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, யாரு செத்துட்டா?"

நெவெங்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். யாகொதா காபி ஊற்றி, ஒரு தட்டு நிறையக் கேக்கையும் நகர்த்தி வைத்தாள். "சாப்பிடுங்கக்கா. நேத்து சித்தப்பா வீட்டு விசேஷத்துல குடுத்து விட்டது."

விதொசாவா கேக்கைக் கடித்தாள். "வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?"

"ஒம்பதுக்கு."

"அதுவரைக்கும் எனக்கும் வேலை இல்ல. ஆளுக்கு ரெண்டு கேள்வி கேக்கறேன். கேக்கலாமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை 8:25.

முதலில் ஸ்ரெட்டென். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். வராந்தாவிலிருந்து நடைக்கதவு வரை எல்லாம் திறந்து கிடந்ததால், காற்று குறுக்கே அடித்துக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேறு.

"நீயும் விவசாயம்தானே தம்பி?"

"ஆமாக்கா. அவ வகுப்புதான்."

"ஸெகெட்டுக்கு நீ எழுதிப் போடலையா?"

"போட்டேன். என் தக்காளியை முதல் சுத்துலயே தள்ளிட்டாங்க." தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "எரிச்சல் இல்லைன்னு சொன்னா பொய். அந்தச் செடியைப் பாக்கறப்பெல்லாம் எரிஞ்சுது. ஆனா நான் கை வைக்கல."

"ஏன் இப்படி நடுங்கறே?"

"பச்சைத் தண்ணிக்கா! பாய்லர்ல ஒரு சொட்டு வெந்நீர் இல்ல. தலைக்குப் போட்டப்புறம் திறந்தா ஐஸ். எல்லாம் மந்திரி வேலை. நேத்து ஞாயித்துக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்ச நாளு. மத்தியானம் என்னையும் நெவெங்காவையும் உக்கார வெச்சு சூப் ஆறற வரைக்கும் பிரசங்கம். நாடே நேரத்தை மாத்தினாலும் மீட்டருக்குள்ள இருக்கற கடிகாரம் மாறாதாம். அதனால டைமரை யாரும் தொடக்கூடாதாம். தொட்டா கையை உடைப்பானாம்."

"யாகொதா அந்தப் பிரசங்கத்தைக் கேக்கலையா?"

"குடுத்து வெச்சவ. காலையில போனவ ராத்திரி ஒம்பதுக்குத்தான் வந்தா."

அடுத்து யாகொதா. மருந்தியல் படிக்கிறாள். மேஜையில் சிந்திய சர்க்கரையை விரலால் ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டே பேசினாள்.

"உனக்கும் மிலுட்டினுக்கும் எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் அக்கா."

"அவனா செஞ்சிருப்பான்?"

"பழக்கதோஷம் அக்கா. கை தானா போயிருக்கும். வேணும்னு செய்ய மாட்டான்." உடனே அவள் குரல் மாறியது. "அந்த விரிப்புக்கு மட்டும் அவன் கணக்கே பாத்ததில்லையே. ஜனவரி பதினாலாந் தேதியிலேருந்து எழுபத்தெட்டு நாள். ராத்திரி பகல் நிக்கவே இல்ல. நான் தலை காய வெக்க வாரத்துல இன்னொரு நாள் கேட்டேன், குடுக்கல. ஈரத்தோட வகுப்புக்குப் போனேன். ஜலதோஷம் பிடிச்சு ஒரு வாரம் படுத்தேன்."

"எழுபத்தெட்டு நாளா?" விதொசாவா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நெவெங்கா பக்கம் திரும்பினாள். "பாப்பா, விரிப்பு எத்தனை நாளா ஓடுது?"

"தெரியாதுக்கா. ரெண்டு மாசம் இருக்கும்."

விதொசாவா காபியை ஒரு வாய் குடித்தாள்.

காலை 8:45.

"மந்திரி, இங்க வா," என்று மிலுட்டினைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"ராத்திரி பாய்லரை நிறுத்தினியா?"

"இல்லக்கா. டைமர் தானா போட்டு தானா நிறுத்தும்."

"அந்த டைமரைப் பாரு. பாத்துட்டு உன் கைக்கடிகாரத்தைப் பாரு."

மிலுட்டின் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மெதுவாகத் திரும்பி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"நான்தான்," என்றான்.

"என்னது?"

"நான்தான் பிளக்கைப் புடுங்கினேன். நேத்து எட்டு மணிக்கு. யாரையும் எதுவும் கேக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள போயிடறேன்."

நெவெங்கா அவன்மேல் பாய்ந்தாள். ஸ்ரெட்டென் பிடித்து இழுத்தான். "பாவி! இவ்வளவு நேரம் பூனை மாதிரி நின்னியே! என் ரெண்டு வருஷத்தைக் கொன்னுட்டியேடா!"

"கத்தாதே பாப்பா," என்றாள் விதொசாவா. "அவன் பொய் சொல்றான். காலையில தொடவே இல்லன்னு சொன்னவன், டைமரைப் பாத்த உடனே குத்தத்தை ஒத்துக்கறான். ஏன்? அதுல எதையோ கண்டுபிடிச்சுட்டான். நான் முதல்லயே பாத்ததைத்தான் அவன் இப்பப் பாத்தான்."

வாசலில் பெர்சிதா அம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். குண்டு உடம்பு, கையில் சாவிக்கொத்து. "எவன்டா அவன் செடியைக் கொன்னவன்?"

"உக்காருங்கம்மா. சொல்றேன்."

காலை 9:00.

"இந்த டைமர் இப்ப என்ன மணி காட்டணும்?" என்று விதொசாவா ஸ்ரெட்டெனைக் கேட்டாள்.

"ஒம்பது... இல்ல, இல்ல. எட்டு. மீட்டர் பழைய நேரத்துலதானே ஓடுது. மிலுட்டின் அதைத் தொடவே இல்லையே."

"ஆனா ஒம்பது காட்டுது. ஊருக்கே சரியான நேரம். கடிகாரம் சரியா இருக்கறதுதான் இங்க தப்பு. யாரோ முள்ளைத் திருப்பி வெச்சிருக்காங்க. எதுக்குத் திருப்பணும்? கரண்ட் போய் வந்தா திருப்பணும்னு சீட்டு ஒட்டியிருக்கு. ராத்திரி கரண்ட் போச்சா? தெருவுல எங்கயும் போகல. இந்த வீட்டுல ஒரே ஒரு சுவிட்சு மட்டும் போச்சு. மூணாவது சுவிட்சு. அதனாலதான் பாய்லர் காயல, தம்பி பச்சைத் தண்ணியில குளிச்சான். அதே சுவிட்சுலதான் வராந்தா பிளக்கும் இருக்கு."

நெவெங்கா அழுகையை நிறுத்தினாள்.

"உன் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துது பாப்பா. உள்ள வந்து பிளக்கைப் புடுங்க முடியாது. ஆனா ஃபியூஸ் பெட்டி வெளிய இருக்கு. படுக்கப் போறப்ப சுவிட்சை அணைச்சாச்சு. விரிப்பு விடிய விடிய ஆறிப் போச்சு. காலையில எழுந்து சுவிட்சைப் போட்டு, டைமர் நின்னு போனது தெரியக்கூடாதுன்னு முள்ளையும் திருப்பியாச்சு. வீட்டுச் சட்டத்தை அப்படியே மதிச்சிருக்காங்க, பாவம். ஆனா எந்த நேரத்துக்குத் திருப்பறது? கைக்கடிகாரம் காட்டற நேரத்துக்குத் திருப்பினாங்க. மிலுட்டின் திருப்பியிருந்தா மீட்டர் நேரத்துக்குத் திருப்பியிருப்பான். நேத்துப் பிரசங்கம் கேட்ட நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த வீட்டுல சூப் குடிக்காத ஆள் ஒருத்திதான்."

பெர்சிதா அம்மாவின் கையில் சாவிக்கொத்து ஆடுவது நின்றது.

"அப்ப அந்தப் பிளக்கு?" என்றான் ஸ்ரெட்டென்.

"அது ராத்திரி முழுக்க மாட்டித்தான் இருந்துது. முன்னாடியே புடுங்கியிருந்தா ஃபியூஸை எதுக்கு அணைக்கணும்? நெவெங்கா கத்தின உடனே உள்ள ஓடி, யாரும் வராந்தாவுக்கு வர்றதுக்குள்ள புடுங்கிப் போட்டு, 'பிளக் புடுங்கிக் கிடக்கு'ன்னு கத்தினது யாரு? பழி மந்திரி மேல விழணும்னு."

எல்லோரும் யாகொதாவைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"எழுபத்தெட்டு நாள்னு சொன்னியே கண்ணு," என்றாள் விதொசாவா. "செடி வளத்தவளுக்கே அந்தக் கணக்கு தெரியல. அடுத்தவ பங்கை இப்படி நாள் தவறாம எண்ணறவ என்ன மனசோட எண்ணறான்னு எனக்கு நல்லாத் தெரியும். நானும் எண்ணறவதான்."

அப்போதுதான் யாகொதா வெடித்தாள்.

"ஆமா, நான்தான்! எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஹேர் டிரையர். அவளுக்கு விடிய விடிய கரண்ட்! என் ரூம்ல ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டுப் படுப்பேன். இவன் அவ ரூமுக்குப் போய், செடிக்குக் குளிருதான்னு பாப்பான். தினம் எட்டு மணிக்கு! எனக்குக் குளிருதான்னு ஒரு நாளாவது கேட்டானா? அந்தச் செடி செத்தாத்தான் அவ இவனைத் துரத்துவா. துரத்தினா என்கூட வருவான்னு நெனச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வயிறு எரிஞ்சுதுக்கா. எரிஞ்சுது."

"அடி அசடே!" என்று பெர்சிதா அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இவன் போன மாசம் எங்கிட்ட வந்து என்ன கேட்டான் தெரியுமா? நெவெங்கா ஸெகெட் போயிட்டா அந்தப் பெரிய ரூமை எனக்கும் யாகொதாவுக்கும் சேத்துக் குடுங்க, வேற யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டான். நானும் சரின்னுட்டேன்."

யாகொதா மிலுட்டினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல பெரிய கணப்பு இருக்கு," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "ரெண்டு பேருக்கு ஒரு கணப்பு. நீ குளிர்ல படுக்க வேண்டாம்னு பாத்தேன். அவ ஜெயிச்சாத்தான் ரூம் காலியாகும். செடி பொழைச்சாத்தான் அவ ஜெயிப்பா."

"அப்ப என் செடி மேல அக்கறை இல்ல," என்றாள் நெவெங்கா கசப்பாக. "என் ரூம் மேலதான் கண்ணு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" யாகொதாவின் குரல் உடைந்தது.

"உறுதியானப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"வாயைத் திறந்து பேசறதுக்குமாடா மீட்டர் ஓடும்?" என்று விதொசாவா பல்லைக் கடித்தாள். பிறகு குறிப்புப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பூட்ஸை மாட்டப் போனாள். இன்னும் முப்பத்தொரு வீடு பாக்கி இருந்தது.

நெவெங்கா வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னாள். போலீசுக்குப் போகவில்லை. யாகொதா இன்றே கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பெர்சிதா அம்மாவும் தலையாட்டினாள். ஸ்ரெட்டென் வராந்தாவுக்குப் போய், தொட்டிகளிலிருந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டான். ஜெயித்தவனைப் போல அவன் முகம் இல்லை.

யாகொதா பெட்டி கட்ட ஒரு மணி நேரம் ஆனது. மிலுட்டின் அந்தப் பெட்டியை டெலெப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போனான். நிறுத்தத்தில் அவள் கேட்டாள்.

"என்மேல தப்புன்னு தெரிஞ்சும் நீ பழியை ஏத்துக்கிட்டே. அப்ப என்கூட வாயேன்."

"நான் அதை உனக்காகச் சொன்னேன்," என்றான் மிலுட்டின். "ஆனா காலையில நெவெங்கா என்னைப் போட்டுக் கிழிச்சப்ப நீ என் கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னே யாகொதா. நான் செய்யலைன்னு தெரிஞ்சும் எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னே."

பேருந்து வந்தது. பெட்டியை உள்ளே ஏற்றி வைத்தான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கையை வைத்துக்கொண்டு, கதவு மூடும் வரை அவனையே பார்த்தாள். அவன் ஏறவில்லை.